ஜன்னலுக்குக் கீழே யாரும் பார்ப்பதில்லை

ஷிபுவின் ஆட்டோ சந்து முனையிலேயே நின்றுவிட்டது. கர்க்கடக மாதத்து மழையில் மட்டாஞ்சேரிச் சந்துகள் எல்லாம் வாய்க்கால்தான்.

“இதுக்கு மேல போனா வண்டி நீந்தணும், யக்கா” என்றான். பிறகு அந்த வீட்டுப் பக்கம் பார்க்காமல், முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “வேலை முடிஞ்சா போன் பண்ணு. நான் உள்ள வர மாட்டேன். எங்கம்மா வேலை பார்த்த வீடு அது.”

அவன் அம்மா ராக்கம்மாள் எங்கள் காலனியில் எனக்கு எதிர்வீடு. இந்த வீட்டில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். திருப்பூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறேன், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொன்ன வாரத்தில் அவளுக்குக் கால் இரண்டும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். கோளாறு இல்லாத கால்களோடு அவள் கட்டிலில் கிடக்கிறாள்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலைப் பெட்டியை மார்போடு அணைத்தபடி தண்ணீரில் நடந்தேன். ஒரு பக்கம் பூட்டிக்கிடந்த சுக்குக் கிடங்கு. நனைந்த சாக்கும் குறுமிளகும் கலந்த காரவாசனை தொண்டையைப் பிடித்தது. சந்தின் கடைசியில் ஓட்டு வீடு. வாசற்படியில் செருப்பை விட்டுவிட்டுக் கதவைத் தட்டக் கை ஓங்கினேன்.

தாழ் தானாகத் தூக்கிக்கொண்டது.

“பயப்படாதே, உள்ள வா. கயிறுதான்” என்று ஒரு குரல் கேட்டது.

கூடத்துக் கட்டிலில் கமலாக்ஷி மாமி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாழ்ப்பாளிலிருந்து விட்டத்தின் வழியாக ஒரு கயிறு அவர் கைக்கு வந்தது. ஐம்பதைத் தாண்டிய வயது, நரைக்காத முடி, இடுப்புக்குக் கீழே ஒரு போர்வை. அவருக்கும் கால் வராது என்று போனில் சொல்லியிருந்தார். ராக்கம்மாள் நினைவு வந்தது. வயதானால் யாருக்கும் வருவதுதானே என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

கூடத்தின் நான்கு சுவரையும் ஒட்டி, இடுப்பு உயரத்தில் ஒரு மரத்தட்டு ஓடியது. அதன்மேல் தண்டவாளம். சுவரோரமாக வந்து, கட்டிலின் தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் சுவருக்குப் போனது. மாமி எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் ரயில் கண்ணில் படும். அந்தத் தட்டுக்கு மேலே மாலை போட்ட படத்தில் அவர் கணவர் வெங்கிடேஸ்வரன் இருந்தார். படத்துக்குக் கீழே வெள்ளியில் ஒரு மூக்குப்பொடி டப்பி இருந்தது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் தண்டவாளம் போட்டுச் சின்ன ரயில் ஓட்டும் பெரியவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் பயணிகள் பெட்டி உள்ளே வெறும் கூடாக இருக்கும். நான் கூரையைக் கழற்றி, சீட், பெர்த், மின்விசிறி, ஜன்னலோரம் தொங்கும் தண்ணீர் பாட்டில் எல்லாம் போட்டு, ஆட்களை உட்காரவைத்துத் தருவேன். ஆள் என்றால் என் கட்டைவிரலின் மேல்கணு உயரம். பெட்டிக்கு அடியில் சக்கரமும் கம்பியும் இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளே தரை உயர்ந்திருக்கும். முழு ஆளை உட்காரவைத்தால் தலை கூரையில் முட்டும். அதனால் முழங்காலோடு வெட்டி, மேல்பாதியை மட்டும் சீட்டில் ஒட்டுவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. ஜன்னலுக்குக் கீழே யாரும் பார்ப்பதில்லை.

என் அப்பா முப்பிடாதி நகராட்சியில் சாக்கடை அள்ளியவர். அவர் மகள் பொம்மைக்குக் கால் வெட்டிப் பிழைக்கிறாள் என்று காலனியில் கிண்டல் உண்டு. நான் கண்டுகொள்வதில்லை. மாமி என் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

“கடைசிப் பெட்டி ஒண்ணு பாக்கி வச்சுட்டுப் போயிட்டார்” என்றார் மாமி. “பொம்மையெல்லாம் அவரே மரத்துல செதுக்கினது. நீ உள்வேலையை முடிச்சு, இருக்கற பொம்மையை உக்காத்தி வச்சுடு. அது முடிஞ்சா அவர் அடங்குவார்னு தோணறது.”

“செத்தவர் அடங்காம எங்க போவார், மாமி?”

மாமி சிரிக்கவில்லை. “எங்கேயும் போகலை. அதான் கஷ்டம்.”

பிளாஸ்கிலிருந்து சாயாவை ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். வெங்கிடேஸ்வரனுக்கு வீட்டை விட்டு யார் புறப்பட்டாலும் பிடிக்காது. கோயிலுக்குப் புறப்பட்டாலும் சரி, பிராட்வே கடைத்தெருவுக்குத் துணி எடுக்கப் புறப்பட்டாலும் சரி, படி இறங்கும் நேரம் பார்த்து ஒரு சிட்டிகை பொடியை இழுத்து ஒரு தும்மல் போடுவார். ஒற்றைத் தும்மல். புறப்படும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவர் வீட்டில் திரும்பி வந்து உட்கார்ந்தவர்கள் மறுபடி எழுந்ததில்லை.

“‘சகுனம் சரியில்லை, உக்காரு’ம்பார். அவ்வளவுதான். நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உக்காந்துண்டே இருக்கேன். ஸுப்ரியா மட்டும்தான் தும்மலைக் காதுல வாங்காம இறங்கிப் போனா.”

ஸுப்ரியா அவர் மகள். கேசவ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூரில் இருக்கிறாள். இப்போது நிறைமாதம். மாமிக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. பிரசவத்துக்கு மகள் பக்கத்தில் இருக்கவேண்டும். சக்கர நாற்காலியிலாவது போய்விடலாம் என்று கிளம்பினால், வீட்டில் யாருமே இல்லாதபோது, படத்துப் பக்கமிருந்து ஒரு தும்மல் வரும். மரத்துப்போனது இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். போன மாதம் முழங்கால் வரை இருந்தது, இப்போது இடுப்பைத் தொட்டுவிட்டது.

எனக்கு எரிச்சலாக வந்தது. தனியாகக் கிடக்கும் மனுஷியின் மனப்பிரமை என்று நினைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையை இழுத்துப் போட்டு வேலையை ஆரம்பித்தேன். வெங்கிடேஸ்வரன் உயிரோடு இருந்திருந்தால் என்னை இந்தக் கூடத்தில் மேசை போட விட்டிருக்கவே மாட்டார். அந்த எண்ணமே எனக்கு ஒரு தெம்பாக இருந்தது.

சீட்டுகளை ஒட்டி நீல வர்ணம் பூசினேன். அது காயும்வரை, தட்டில் நின்றிருந்த மற்றப் பெட்டிகளை எட்டிப் பார்த்தேன். செதுக்கல் பிரமாதம், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒவ்வொரு முகமும் ஒரு முகம். இரண்டாம் பெட்டியின் ஜன்னலோரம் அரக்குப் புடவையில் ஒருத்தி, அச்சு அசல் கமலாக்ஷி மாமி. அதற்கடுத்த பெட்டியில் மஞ்சள் புடவை, கொண்டை. மடியில் என்னவோ நீளமாக இருந்தது.

விளக்குமாறு.

ரயிலில் யார் விளக்குமாற்றோடு உட்காருவார்கள்? குனிந்து முகத்தைப் பார்த்தேன். ராக்கம்மாள்.

வேலைக்காரியைக்கூட வேலை செய்கிற கோலத்திலேயே உட்காரவைத்திருக்கிறார், என்ன மனிதர் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. அதற்குமேல் யோசித்திருக்கவேண்டும். கை பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது புத்தி பின்னால்தான் வரும்.

மாமி தந்த தகரப் பெட்டியில் ஒரே ஒரு பொம்மை மிச்சமிருந்தது. நீலச் சுடிதார், தோளில் பை, நடக்கிற மாதிரி ஒரு கால் முன்னால். வெட்டப்படாத முழு ஆள்.

“இது யாரு மாமி?”

மாமி கண்ணை இடுக்கிப் பார்த்தார். “தெரியலையே. கண்ணாடி இல்லாம எனக்கு எல்லாம் எறும்புதான். யாரானாலும் உக்காத்திடு.”

பொம்மையின் முழங்காலில் பிளேடை வைத்து அழுத்தினேன்.

மரம் வெட்டினால் டிக் என்று ஒரு சத்தம் வரும். இது வேறு மாதிரி வந்தது. கறிக்கடையில் எலும்பைத் திருகும்போது வரும் சத்தம்.

பிளேடு கையிலிருந்து நழுவியது. வெட்டிய கால்கள் தரையில் உருண்டன. குனிந்து தேடினேன். வெறும் சிமெண்டுத் தரை, ஒரு தூசி இல்லை, கால்களையும் காணவில்லை. சுக்கு வாசனைக்கு மேலே புதிதாக ஒரு நெடி மூக்கில் ஏறியது.

பொடி.

படத்துப் பக்கமிருந்து ஒரு தும்மல் வந்தது. ஆண் தும்மல். ஒற்றை.

மாமியின் போன் அடித்தது. கேசவ். ஸ்பீக்கரில் அவன் குரல் நடுங்கியது.

“அம்மா, ஸுப்ரியா அடுக்களைல அப்படியே விழுந்துட்டா. அடி ஒண்ணும் படலை. ஆனா முழங்காலுக்குக் கீழே ஒண்ணுமே தெரியலைங்கறா. கிள்ளினாலும் தெரியலை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன்.”

போன் அணைந்ததும் மாமி கையை நீட்டினார். நான் பொம்மையின் மேல்பாதியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனார்.

“அவ வீட்டை விட்டுப் போன அன்னைக்கு இந்தச் சுடிதார்தான் போட்டிருந்தா” என்றார். “என்னை அந்தப் பெட்டில வச்சது, அக்கா வீட்டுக்குப் பாலக்காடு போறேன்னு நான் சொன்ன அன்னைக்கு. சாயங்காலமே கால் மரத்தது. நான் அதையும் இதையும் சேர்த்து நினைக்கலையே, சுபாஷிணி.”

நான் நினைத்தேன். மடியில் விளக்குமாற்றோடு ராக்கம்மாள். திருப்பூர். இங்கிருந்து போகிறேன் என்று சொன்ன எல்லோரையும் இந்த மனிதர் காலை வெட்டி ஜன்னலோரம் உட்காரவைத்திருக்கிறார். கடைசியில் ஒருத்தி பாக்கி இருந்தாள், அவள் காலை வெட்டியது நான்.

எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. என் கையை எடுத்துத் தன் வேலைக்கு வைத்துக்கொள்ள இவர் யார்?

“வெட்டின கால் எங்க போச்சு மாமி? கிடைச்சா ஒட்டிடலாம். இவர் வெட்டினதையெல்லாம் எங்க வைப்பார்?”

மாமியின் கண் படத்துக்குக் கீழே இருந்த பொடி டப்பியில் போய் நின்றது.

கரண்டு போனது. மழை இருட்டில், மத்தியானம் என்றே தெரியவில்லை. மின்விசிறி சுற்றி அடங்கியது.

ரயில் கிளம்பியது.

முதலில் தண்டவாளத்தில் ஒரு கிறீச். பிறகு சீரான கடகடப்பு. பெட்டிகளுக்குள் வரிசையாக மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் மேசையில் வைத்திருந்த கடைசிப் பெட்டி அங்கே இல்லை. ரயிலின் வாலில் கோத்துக்கொண்டு, கூரை மூடி, ஓடிக்கொண்டிருந்தது. மாமியின் உள்ளங்கை காலியாக இருந்தது. கடைசிப் பெட்டியின் ஜன்னலில் நீலச் சுடிதார்.

எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன.

என்னைப் பார்த்து.

நான் படத்துக்கு ஓடினேன். டப்பியைக் கையில் எடுத்ததும் காதுக்குப் பக்கத்தில், மூச்சுச் சூடு படும் தூரத்தில், ஒரு குரல் கேட்டது.

“உக்காரு.”

முழங்கால் இரண்டும் தளர்ந்தன. திரும்பிப் பார்த்தால், அறையின் மறுகோடியில் கிடந்த நாற்காலி என் பின்னங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“உக்காரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பா ஆயுசு முழுக்க இந்த மாதிரி வீடுகளின் கொல்லைப்புறத்தில் நின்றே வேலை பார்த்தவர். ஒரு வீட்டிலும் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. இன்றைக்கு அவர் மகளுக்கு நாற்காலியே வந்து நிற்கிறது.

“எங்களுக்கு நின்னே பழக்கம்” என்றேன் சத்தமாக. “நீர் உக்காரும்.”

நாற்காலியை உதைத்துத் தள்ளினேன். எங்கள் காலனியில் பேய்க்கு மந்திரம் சொல்லுகிற வழக்கம் இல்லை. திட்டுவோம். எனக்குத் தெரிந்த தமிழ்க் கெட்ட வார்த்தை, மலையாளக் கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் அந்தக் கூடத்தில் கொட்டினேன். மாமி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போய் மழையில் ஊறிக்கிடந்த என் செருப்பை எடுத்துவந்து, தட்டின்மேல், தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்தேன்.

எஞ்சின் செருப்பில் வந்து முட்டியது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. கூடம் முழுக்க ஒரு முனகல் எழுந்து, சுவரைச் சுற்றிவந்து, அடங்கியது. விளக்குகள் அணைந்தன.

டப்பியைத் திறந்தேன். பொடிக்குள் புதைந்து சின்னச் சின்னக் கால்கள். எல்லாவற்றுக்கும் மேலே நீலச் சுடிதாரின் கால்கள் இருந்தன. என் பிளேடு பட்ட இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

கடைசிப் பெட்டியின் கூரையைப் பெயர்த்து ஸுப்ரியாவை வெளியே எடுத்தேன். பொடியின் நெடியில் கண்ணீர் வழிந்தது. முழங்கால்கள் என்னைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தன. மேசையில் இடுப்பை அழுத்தி நின்றுகொண்டேன். மாமி தன் போனின் விளக்கை உயர்த்திப் பிடித்தார். கால்களைப் பொருத்தி, ஒரு துளி பசை விட்டு, விரல்களுக்கு நடுவில் அழுத்திப் பிடித்தேன்.

“உக்காரு, உக்காரு, உக்காரு” என்றது குரல். இப்போது அதில் கெஞ்சல் இருந்தது.

“அவ உக்கார மாட்டா” என்றார் மாமி. கணவரின் படத்தைப் பார்த்து அவர் எதிர்த்துப் பேசியது அன்றுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்தார்.

பசை இறுகியது. பொம்மையை மேசையில் நிறுத்தினேன். தானாக நின்றது.

போன் அடித்தது. கேசவ் அழுதுகொண்டே சிரித்தான். எழுந்து நின்றுவிட்டாளாம், சும்மா மரத்துப்போயிருக்கும் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்கிறார்களாம், ஆனாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறார்களாம்.

அடுத்தது அரக்குப் புடவை. அவர் எத்தனையோ வருஷத்துக்கு முன் போட்ட பசையை ஊசியால் கீறி மாமியைப் பெயர்த்து எடுக்க நேரமாயிற்று. கால்களை ஒட்டி நிமிர்த்தி வைத்தபோது, கட்டிலில் மாமி பல்லைக் கடித்தார்.

“என்ன மாமி?”

“எறும்பு ஊர்றது” என்றார். “பாதத்துல. ஐயோ, என்ன சொகமா ஊர்றது.”

ராக்கம்மாளுக்கு ஒட்டும்போது அந்த விளக்குமாற்றை முதலில் பிடுங்கி எறிந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தபதபவென்று ஓட்டம். வரமாட்டேன் என்ற ஷிபு தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து நின்றான்.

“யக்கா, வீட்லேர்ந்து போன். அம்மா எந்திரிச்சிட்டுதாம். அடுக்களைல போய், பாத்திரம் என்ன இப்படிக் கிடக்குன்னு எல்லாரையும் ஏசுதாம்.”

மாமி கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார். கன்றுக்குட்டி மாதிரி தள்ளாடி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி, உன் வண்டில என்னை சவுத் ஸ்டேஷன்ல கொண்டு விடு. சாயங்கால வண்டிக்கே நான் போறேன்.”

“நாளைக்குப் போகலாமே மாமி. இன்னும் நடை சரியா வரலை.”

“நாளைக்குன்னு சொல்லித்தான் இத்தனை நாளும் போச்சு.”

ஒரு பையில் இரண்டு புடவை, அவ்வளவுதான் சாமான். வாசற்படியில் மூன்று பேரும் நின்றோம். மாமி ஒரு காலைத் தூக்கி, கீழே வைக்காமல், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தும்மல் வரவில்லை.

மாமி இறங்கினார். சந்துத் தண்ணீர் கணுக்காலை நனைத்ததும் நின்று, வேண்டுமென்றே ஒரு தடவை சளப்பென்று மிதித்தார். பிறகு ஷிபுவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.

நான் அவர்களோடு போகவில்லை. டப்பியில் இன்னும் சில கால்கள் இருந்தன. யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளை வேட்டி, ஒரு பாவாடை, செருப்புப் போட்ட ஒரு ஜோடி. எந்தெந்த வீட்டில் யார் யார் கிடக்கிறார்களோ. வர்ணத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராக எடுத்து ஒட்டி, பெட்டிகளின் நடைவழியிலும் கதவோரத்திலும் நிறுத்தினேன். தலை இடிக்கும் என்பதால் எந்தப் பெட்டிக்கும் கூரையைத் திருப்பி மூடவில்லை. ஒருவர்கூட உட்காரவில்லை. என் தொழிலில் இப்படி ஒரு வேலையை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

கரண்டு வந்தது. கூடத்தில் சுக்கும் குறுமிளகும் மட்டும் மணத்தன. பொடியின் நெடி துளியும் இல்லை. திறந்த டப்பியை முகர்ந்து பார்த்தேன், அதிலும் இல்லை. அதை மூடிப் படத்துக்குக் கீழேயே திருப்பி வைத்தேன். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கே ஒரு கர்வம் வந்தது. செருப்பைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு, கூடத்துக்குள்ளேயே நாலு நடை நடந்தேன்.

அப்போது மாமி போனில் கூப்பிட்டார். பின்னால் ஸ்டேஷன் இரைச்சல், அறிவிப்பு, சாயா விற்கும் குரல்.

“ஏறியாச்சு. அந்தப் பிள்ளை சீட்டு பார்த்து உக்காத்திட்டு இறங்கிப் போனான். ஜன்னலோரம்தான். கூட்டமே இல்லை கேட்டியா, என் பக்கத்துல ஒருத்தரும் இல்லை. வண்டி இப்போ எடுத்துடும்.”

“சந்தோஷம் மாமி. போய்ச் சேர்ந்ததும்…”

போனில் ஒரு தும்மல் கேட்டது.

மாமிக்கு மிக அருகில். ஆண் தும்மல். ஒற்றை.

ரயிலின் ஹாரன் நீளமாக ஒலித்தது. என் கை டப்பியைத் தேடிப்போனது. அது படத்துக்குக் கீழே இல்லை.

“கேட்டுதா?” என்று மாமி கிசுகிசுத்தார்.

“கேட்டது. மாமி, இறங்கிடாதீங்க.”

“இறங்கறதாவது.” அந்தக் குரல் நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. “எனக்கு எதிர் சீட்டுலேர்ந்துதான் வந்தது. பொடி நாத்தம் தூக்கறது. பார்த்தா அங்க யாரும் இல்லை.”

சக்கரங்கள் உருளத் தொடங்கும் சத்தம் கேட்டது.

“இருந்துட்டுப் போகட்டும்” என்றார் மாமி. “ரெண்டு காலையும் தூக்கி அந்தச் சீட்டு மேலேயே நீட்டிண்டிருக்கேன். வண்டி எடுத்தாச்சு.”